கோப்பையாகச் சோதிக்கப்பட்ட மூங்கில் குழல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நாளிதழ்ச் செய்தியாளர்
(மூங்கில் குழல் செய்யும் தையற்காரரின் அண்ணன்),
தையற்கடை மாடி,
கிடங்குச் சந்து.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாற்றுப் பொருள் சான்று ஆணையரகம்.

வழி: வரவுப் பிரிவு, தரைத்தளம்.

பொருள்: மறுபயன்பாட்டுக் கோப்பைகளுக்கான மூங்கில் மாற்றுக் குழல் – குழலைச் சோதிக்காமல் அது செருகப்பட்டிருந்த கோப்பையைச் சோதித்து ‘தகுதியற்றது’ என அறிவித்தமை – வரும் வெள்ளிக்கிழமை அழிக்கப்படவுள்ள மாதிரியை நிறுத்திவைத்து, குழலை மட்டும் எடுத்துச் சோதிக்கக் கோருதல்.

பார்வை: 1. தங்கள் ஆய்வகத்தின் அறிக்கை. 2. திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் முதல் மனு. 3. திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. இன்று காலை நிலவரப்படி மாதிரி இன்னும் அழிக்கப்படவில்லை. இதை உறுதிசெய்தவர் தங்கள் ஆய்வகத்தின் மாதிரிக் காப்பறை உதவியாளர். வாயால் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. கம்பி வலைக்கு அப்பால் இருந்த அலமாரியிலிருந்து பையை எடுத்து வந்து, வலையோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். ஆகவே இது கேள்விப்பட்ட செய்தி அல்ல, கண்ணால் கண்டது. வெள்ளிக்கிழமை முற்பகலில் கழிவு வண்டி வரும் என்றும், ‘தகுதியற்றது’ என்று முத்திரை விழுந்த மாதிரிகள் அதில் ஏறி எரிகலனுக்குப் போகும் என்றும் அவரே சொன்னார். இன்று புதன்கிழமை.

2. இந்த மனுவில் நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொன்னதை யார் சொன்னார் என்றும் பிரித்து எழுதியிருக்கிறேன். செய்தித்தாளில் வேலை பார்த்த பழக்கம், விடவில்லை. மனு நீளமாக இருப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். முன்னர் அனுப்பிய இரண்டும் சுருக்கமாகவே இருந்தன. இரண்டும் திரும்பி வந்துவிட்டன.

3. என் தங்கை தையற்காரர். புதுத் துணி தைப்பதைவிட, தொளதொளத்த பழைய உடைகளை உடலுக்கேற்பப் பிடித்துத் தைத்துத் தருவதும், நீளம் குறைப்பதும், ஜிப் மாற்றுவதும்தான் அவருக்கு அதிக வேலை. அவருடைய கணவர், என் மாப்பிள்ளை, காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறியவர். நரம்பு நோய் வந்தபின் அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாது. வாயின் வலப்பக்கம் அவர் பேச்சைக் கேட்பதில்லை. மருத்துவமனையில் அவருக்கு விழுங்கும் பயிற்சி கொடுத்த அம்மையார் ஒரு கோப்பை தந்தார். அகன்ற அடி, இரண்டு கைப்பிடி, திருகு மூடி, மூடியில் சாய்வாக ஒரு துளை, அதில் ஒரு பிளாஸ்டிக் குழல். குழல் இடப்பக்கமாகச் சாய்ந்து வந்து வாயில் நிற்கும். கோப்பையை மேசையில் வைத்துக் குனிந்தால் போதும். யார் கையையும் எதிர்பார்க்காமல் அவர் தண்ணீர் குடித்தார்.

4. கோப்பை கெட்டியானது. குழல் அப்படியல்ல, கடிபட்டுக் கடிபட்டு வெடித்தது. அதற்குள் பிளாஸ்டிக் குழல்களுக்குத் தடை வந்திருந்தது. தடையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் சந்தின் சாக்கடையில் என்ன மிதந்தது என்பதைப் பார்த்தவன் நான். ஆனால் கோப்பை விற்ற கடையில் கேட்டபோது, “குழல் தனியா வராதுங்க, புது செட்டா வாங்கிக்கங்க” என்றார்கள். புது செட்டில் குழலே இல்லை. மூடியில் உறிஞ்சு மூக்கு ஒன்று வைத்திருந்தார்கள். அதைப் பிடிக்க உதடு இரண்டும் ஒத்துழைக்க வேண்டும். காகிதக் குழல் வாங்கிப் பார்த்தோம். மாப்பிள்ளை மெதுவாகக் குடிப்பவர். பாதிக் கோப்பை காலியாவதற்குள் குழல் ஊறி வாயில் படுத்துவிட்டது. “தண்ணி குடிக்கச் சொன்னா பேப்பரைத் திங்க வைக்கிறீங்களே மச்சான்” என்றார் என்னிடம். எஃகுக் குழல் வாங்கினோம். தலை நடுங்கும்போது அது பல்லில் அடித்தது. “குடிச்ச மாதிரியும் ஆச்சு, தாளம் போட்ட மாதிரியும் ஆச்சு” என்று சொல்லி அதையும் தள்ளிவிட்டார். அதன்பின் என் தங்கை கரண்டியால் ஊட்டினார். சந்தை முழுவதும் தன் குரலுக்குத் திரும்பிப் பார்த்த காலத்தை அறிந்த மனிதர், ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் மனைவி கரண்டியை நிரப்பும்வரை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். இதை நான் நேரில் பார்த்தேன்.

5. எங்கள் சந்தில் ஏணி செய்பவர் ஒருவர் இருக்கிறார். மூங்கிலின் நுனிப் பகுதி ஏணிக்கு ஆகாது. வெட்டி வாசலில் குவித்து வைப்பார். என் தங்கை அதிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட துண்டை அறுத்து, உப்பு நீரில் கொதிக்க வைத்து, நிழலில் காயப்போட்டு, வாய்ப்பகுதியை உப்புத்தாளால் மழுக்கி, உட்புறத்தை நூலில் கட்டிய துணியால் இழுத்து இழுத்துத் துடைத்தார். மூடியின் துளைக்கு ஏற்றபடி அடியைச் சாய்வாக வெட்டினார். முதல் குழலில் மூங்கில் வாடை போகவில்லை. “தண்ணி குடிச்சா ஏணி ஏறுன மாதிரி இருக்கு” என்று மாப்பிள்ளை சொன்னார். அடுத்தடுத்த குழல்களில் அந்தக் குறை இல்லை. மூங்கில் பல்லில் அடிக்கவில்லை, ஊறிப் படுக்கவில்லை, கழுவிக் கொதிக்க வைத்து மறுபடி வைத்துக்கொள்ள முடிந்தது. கரண்டி சமையற்கட்டுக்குத் திரும்பியது.

6. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். இந்த விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு குழல் இல்லாத கோப்பை இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கோப்பை, உடற்பயிற்சிக்குப் போகிறவர் வாங்கியது, யாரோ பரிசாகக் கொடுத்தது என்று அலமாரியில் ஒதுங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாகத் தையற்கடைக்கு வந்தன. குழல் ஒன்று இல்லாததற்காக ஒரு முழுக் கோப்பை குப்பைக்குப் போகிறது. அந்தக் குழலை மட்டும் செய்து கொடுத்தால் கோப்பை பிழைக்கும். என் தங்கையின் வியாபார யோசனை இவ்வளவுதான். கடைப் பலகையில் ‘அளவுக் குழல்’ என்று இன்னொரு வரி எழுதப்பட்டது. சந்தில் இப்போது அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. குழலக்கா என்றுதான் சொல்கிறார்கள்.

7. அவருடைய வேலை முறையை ஆணையர் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நடந்தது எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. தையற்கடைக்குத் துணி கொடுக்கிறவர்கள் கூடவே அளவுச் சட்டை ஒன்றும் கொடுப்பது வழக்கம். அதைப்போலவே, குழல் வேண்டும் என்பவர் கோப்பையைக் கடையில் விட்டுப் போக வேண்டும். துளையின் அகலம், கோப்பையின் ஆழம், மூடியின் சாய்வு ஆகியவற்றை எடுத்து அந்தக் கோப்பைக்கென்றே வெட்டுவார். உதிரியாகக் குழல் விற்கமாட்டார். முடித்த குழலைக் கோப்பையில் செருகி, இடம் மாறாதபடி மூடியோடு சேர்த்து நீல நூலால் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் கையில் கொடுப்பார். உரியவர் பார்த்து, சரி என்று சொல்லி, நூலைத் தாமே வெட்டிக்கொள்ள வேண்டும். குழலைத் தனியாகக் கொடுத்தால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டேன். “போட்டுப் பார்க்காம ஒரு சட்டையை நல்லா இருக்குன்னு எப்படிண்ணே சொல்லுவாங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

8. சந்து முனையில் பழச்சாறு கடை வைத்திருப்பவர், வாடிக்கையாளர்கள் குடித்துவிட்டுத் திருப்பித் தரும் கோப்பைகளில் சாறு கொடுக்கிறவர். தம் கடைக் கோப்பைகள் அத்தனைக்கும் மூங்கில் குழல் வேண்டும் என்று அவர் கேட்டார். அவருக்குத் தெரிந்த மற்றக் கடைக்காரர்களும் கேட்கத் தயாராக இருந்தார்கள். தையல் இயந்திரத்தின் பக்கத்தில் ஓய்வு நேரத்தில் செய்த வேலை, அப்போதுதான் ஒரு தொழிலாக நின்றது. கடைகளுக்குக் கொடுப்பதென்றால் ‘பிளாஸ்டிக் அற்றது’ என்ற தங்கள் சான்று வேண்டும். என் தங்கை விண்ணப்பித்தார். மாதிரி ஒன்று ஒப்படைக்குமாறு பதில் வந்தது.

9. இங்கேதான் பிழை நேர்ந்தது. அது யாருடைய பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மாதிரிக் குழலை என் தங்கை தம் வழக்கப்படியே கோப்பையில் செருகிக் கொடுக்க நினைத்தார். கடையில் இருந்த கோப்பைகள் எல்லாம் வாடிக்கையாளர்களுடையவை. தைக்க வந்த துணியை வீட்டு மனிதர்கள் உடுத்திப் பார்க்கக்கூடாது என்பது அவர் தொழிலில் கட்டுப்பாடு. அதனால் அவற்றைத் தொடவில்லை. வீட்டில் சொந்தக் கோப்பை என்று இருந்தது ஒன்றுதான். மாப்பிள்ளையிடம் கேட்டார். “கொண்டு போ. நான் பாக்காத சாம்பிளா? ஒரு கத்திரிக்காயைக் காட்டி ஒரு வண்டியையே வித்திருக்கேன்” என்று அவர் சொன்னார். “கரண்டியில கொஞ்ச நாள் குடிச்சா குரல் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. ஆனா கோப்பையைத் திரும்ப வாங்காம வந்திராத.” இதைச் சொல்லும்போது நான் அருகில் இருந்தேன்.

10. புதிய குழல் வெட்டி, அந்தக் கோப்பையில் செருகி, நீல நூல் முடிச்சோடு என் தங்கை தங்கள் தரைத்தளச் சாளரத்தில் ஒப்படைத்தார். இனி வருவது அவர் சொல்லிக் கேட்டது. மாதிரி எண் அச்சிட்ட ஒட்டுத்தாளைச் சாளரத்தில் இருந்தவர் முதலில் குழலில்தான் ஒட்டப் பார்த்தார். தாள் அகலம், குழல் சன்னம், ஒட்டவில்லை. சுற்றிப் பார்த்தார், இரு முனையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண் மறைந்தது. உரித்துக் கோப்பையின் வயிற்றில் ஒட்டினார். “இதுல நல்லா நிக்குதும்மா” என்றார். என் தங்கை நன்றி சொல்லிவிட்டு வந்தார். அந்த நொடியில் இருந்து, தங்கள் ஆவணங்களில் எங்கள் குழல் ஒரு கோப்பை ஆகிவிட்டது.

11. ஆய்வக அறிக்கை ‘மாதிரியில் பிளாஸ்டிக் உள்ளது, தகுதியற்றது’ என்று கூறுகிறது. அது பொய் அல்ல. கோப்பை பிளாஸ்டிக்தான்; மூடியும் பிளாஸ்டிக்தான். அதை நாங்கள் மறைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மறுபயன்பாட்டுக் கோப்பைகளைத் தங்கள் ஆணையரகம் தடைசெய்யவில்லை. பயன்படுத்துங்கள் என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. அந்தச் சுவரொட்டி தங்கள் மாடிப்படியிலேயே இருக்கிறது. அறிக்கை பற்றி ஆய்வகத்தில் கேட்டபோது அங்கிருந்த ஒருவர் என்னிடம் அமைதியாகவே விளக்கினார்: “நம்பர் எது மேல இருக்கோ அதைத்தான் சார் டெஸ்ட் பண்ணுவோம். உள்ள குச்சி இருக்கு, ஸ்பூன் இருக்குன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாத்துக்கிட்டிருக்க முடியுமா?” அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர் மேசையில் மாதிரிகள் குவிந்திருந்ததை நான் பார்த்தேன்.

12. விதிப்படி, தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டவர் முறையீடு முடியாமல் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. முறையீடு அதே மாதிரியின் மீதுதான் விசாரிக்கப்படும். மாதிரி அழிந்துவிட்டால் முறையீடும் அதோடு முடிந்துபோகும். ஆகவே எங்களுக்கு இருப்பது அந்தப் பைக்குள் இருக்கும் பொருள் ஒன்றுதான்.

13. முதல் மனுவில் குழலைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டோம். தங்கள் அலுவலகப் பதிவில் அந்த எண்ணில் குழல் எதுவும் இல்லை, கோப்பையே உள்ளது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி என்று இரண்டாம் மனுவில் கோப்பை என்றே எழுதி, அதில் செருகியிருக்கும் குழலைப் பார்க்குமாறு கேட்டோம். கோப்பைகள் இந்தச் சான்றின்கீழ் வருவதில்லை, ஆகவே முறையீட்டுக்கு இடமில்லை என்று அதுவும் திரும்பியது. மாப்பிள்ளையிடம் இரண்டு பதில்களையும் படித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பது இப்போது அவர் வழக்கம். “ஒரு தரம் ஆச்சு, ரெண்டு தரம் ஆச்சு. மூணாந்தரம் நம்ம கையில இல்ல மச்சான், சுத்தியல் அவங்க கையில இருக்கு” என்றார். இது எங்கள் மூன்றாவது மனு.

14. இதற்கிடையில் நடந்தவற்றையும் பதிவு செய்கிறேன். ஆய்வாளர் ஒருவர் வந்து விற்பனை நிறுத்த அறிவிப்பைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிச் சென்றார். மரியாதையாகவே நடந்துகொண்டார். அறிவிப்பை எங்கே ஒட்டினால் தையல் வேலைக்கு வெளிச்சம் மறையாது என்று கேட்டு அங்கே ஒட்டினார். அளவுக்கு வந்திருந்த கோப்பைகளை உரியவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருவர், மகனுடைய கோப்பையை எடுத்துக்கொண்டு, “தப்பா நெனச்சுக்காதீங்க குழலக்கா, ஸ்கூல்ல இப்ப பையெல்லாம் பாக்குறாங்க” என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். பழச்சாறு கடைக்காரரை நான் சந்தித்தேன். அவர் இப்போது சான்று பெற்ற காகிதக் குழல் வைத்திருக்கிறார். ஒரு கோப்பைக்கு இரண்டு கொடுக்கிறார், முதலாவது சாறு தீர்வதற்குள் தீர்ந்துவிடுவதால். அந்தக் குழல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வருவதை அவரே எடுத்துக் காட்டினார். “அக்கா குழல் தேவலாம்னு என் வாய் சொல்லுது சார். பிளாஸ்டிக்னு கவர்மெண்ட் பேப்பர் சொல்லுது. வாயை நம்புனா கடையை மூடணும்” என்றார். அவரை நான் நொந்துகொள்ளவில்லை.

15. என் தங்கை கடையில் ஒதுக்கி வைத்திருந்த மூங்கில் துண்டுகளை ஏணிக்காரர் வாசலிலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஏணிக்காரர், “இது நான் வேண்டாம்னு போட்டதும்மா, இதைத் திருப்பிக் குடுத்தா நான் என்ன பண்றது?” என்று கேட்டாராம். மாப்பிள்ளைக்குப் பழைய குழல் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கும் சாய்வான துளை உள்ள மூடி தங்கள் காப்பறையில் இருக்கிறது. வேறு கோப்பைகளில் போட்டுப் பார்த்தோம். குழல் நேராக நிற்கிறது, அல்லது சுழன்று வலப்பக்கம் போய்விடுகிறது. அவரால் கையால் பிடித்து நிறுத்த முடியாது. அந்த வகைக் கோப்பை இப்போது தயாரிப்பில் இல்லை என்று மருத்துவமனைப் பயிற்சியாளர் தொலைபேசியில் தெரிவித்தார். கரண்டி மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை தண்ணீர் கேட்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். தாகம் இல்லை என்கிறார். ஏலம் போடுகிறவர் பொய் சொன்னால் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தால் தெரிகிறது.

16. இன்று காலை காப்பறையில் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். பை ஒளி ஊடுருவும் தாளால் ஆனது. கோப்பை உள்ளே நிமிர்ந்த நிலையில் இருந்தது. குழல் மூடியில் செருகியபடியே இருந்தது. நீல நூல் முடிச்சு அவிழ்க்கப்படவில்லை, வெட்டப்படவும் இல்லை. என் தங்கை போட்ட முடிச்சு எனக்குத் தெரியும். கடைசிச் சுற்றை உள்ளே திணித்து வால் தெரியாமல் முடிப்பார். வால் தெரியவில்லை. குழலில் கீறலோ வெட்டோ இல்லை. முடிச்சு அவிழாமல் குழலை வெளியே எடுக்க முடியாது. எனவே குழல் சோதிக்கப்படவில்லை என்பதற்குச் சாட்சி தங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை எரியப்போவது அந்தச் சாட்சியும்தான்.

17. மூடியின் விளிம்பில் நகத்தளவு ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. சோதனைக்காக எடுத்தது என்று உதவியாளர் சொன்னார். பையைச் சற்றுச் சாய்க்கும்படி கேட்டேன். கோப்பையின் அடியிலும் அதே அளவில் ஒரு துண்டு எடுத்திருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாக உள்ளே குழலின் அடி தெரிந்தது. அதில் இனித் தண்ணீர் நிற்காது. உதவியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்களுதா சார்?” என்று கேட்டார். மாப்பிள்ளையுடையது என்று சொன்னேன். அவர் பையைத் திரும்ப வைக்கும்போது மெதுவாக வைத்தார்.

18. இந்தச் செய்தியை நான் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கோப்பை திரும்பி வரும் என்றே அங்கே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டியவன் நான்தான். மனுவை ஒப்படைத்த பின் சொல்லுவேன்.

19. ஆகவே கோப்பையைத் திருப்பித் தருமாறு இந்த மனுவில் நான் கேட்கவில்லை. இழப்பீடும் கேட்கவில்லை. யார்மீதும் நடவடிக்கை கோரவில்லை. ஒட்டுத்தாள் ஒட்டியவர் மீதும், வெட்டிச் சோதித்தவர் மீதும் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொருவரும் தம் முன்னால் இருந்ததைத்தான் பார்த்தார்கள். நான் கேட்பது இதுதான்: பையை வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றாமல் நிறுத்திவைக்க வேண்டும். யாராவது ஒருவர் அந்த நீல நூலை வெட்டி, குழலை வெளியே எடுத்து, குழலை மட்டும் சோதிக்க வேண்டும். அதில் பிளாஸ்டிக் இருந்தால் கடைப் பலகையில் உள்ள அந்த வரியை நானே அழித்துவிடுகிறேன். இல்லையென்றால், இல்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு என் தங்கை மீதியைப் பார்த்துக்கொள்வார். இன்னொரு கோப்பையின் மூடியில் சாய்வாகத் துளையிட முடியுமா என்று அவர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறார். தொழில் நின்றால் அந்த யோசனையும் நின்றுவிடும்.

20. நிலுவையில் இருப்பவை. மாதிரி அழிப்பை நிறுத்தும் அதிகாரம் ஆணையர் ஒருவருக்கு மட்டுமே உண்டு என்று துணை ஆணையர் அறையின் எழுத்தர் உறுதிசெய்தார். ஆணையர் சுற்றுப்பயணத்தில் இருப்பதாகவும், திங்கட்கிழமை திரும்புவதாகவும் அதே எழுத்தர் தெரிவித்தார். துணை ஆணையர் என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். தம்மால் இயலாது என்பதை வருத்தத்தோடுதான் சொன்னார். எனவே இந்த மனு தங்கள் பார்வைக்கு வருவது திங்கட்கிழமை. வண்டி வருவது வெள்ளிக்கிழமை. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை. வண்டி நிறைந்துவிட்டால் மீந்த மாதிரிகள் அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கப்படும் என்று காப்பறை உதவியாளர் சொன்னார். எங்கள் பை அலமாரியின் கடைசியில் இருக்கிறது. அதைத் தாம் அங்கே வைத்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆக, மற்றவர்களுடைய பொருள்கள் வண்டி நிறையும் அளவுக்குத் தோற்றிருந்தால், எங்களுடையது திங்கட்கிழமையும் அங்கே இருக்கக்கூடும். வண்டி எவ்வளவு பெரியது என்று கேட்டேன். பெரியதுதான் என்றார். அது போனபின் அலமாரியில் என்ன மிஞ்சியது என்பது வெள்ளிக்கிழமை பிற்பகலில் தெரியவரும்.

நாள்: புதன்கிழமை.
இடம்: ஆணையரகத் தரைத்தளம், வரவுப் பிரிவின் எதிரில் உள்ள காத்திருப்போர் இருக்கை.

பணிவுடன்,
(கையொப்பம்)
குழலக்காவின் அண்ணன்.

இணைப்பு: மூங்கில் குழல் ஒன்று. இது மாதிரியும் அல்ல, அன்பளிப்பும் அல்ல. பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம். ஆணையர் அவர்களின் மேசைமீது மூடியிட்ட கோப்பை ஒன்று இருப்பதையும், அதன் மூடித் துளை காலியாக இருப்பதையும் முதல் மனுவைக் கொடுக்க வந்தபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழல் அதற்கென வெட்டப்பட்டது. கோப்பை கையில் இல்லாமல் வெட்ட என் தங்கை முதலில் ஒப்பவில்லை. அளவு என் கண்ணால் எடுத்தது. பொருந்தாமல் போனால் அது செய்தவரின் குற்றம் அல்ல.